சட்டமியற்றுவோருக்கு ஆய்வுக் குறிப்பு எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஓர் உறுப்பினர் ஒரே வாரத்தில் ஓய்வூதிய நிதி மசோதாவுக்கும், மீன்வளச் சட்டத் திருத்தத்துக்கும், அண்டை நாட்டுடனான எல்லை உடன்பாட்டுக்கும் வாக்களிக்க வேண்டியிருக்கும். மூன்றிலும் நிபுணராக இருக்கும் மனிதர் கிடையாது. அமைச்சருக்குப் பின்னால் ஒரு துறையே உட்கார்ந்திருக்கிறது. பின்வரிசை உறுப்பினருக்குப் பின்னால் ஓரிரு உதவியாளர்கள்தான். இந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்சமாவது சமன்செய்யப் பிறந்ததுதான் ஆய்வுக் குறிப்பு: ஒரு பொருளைக் கட்சி சார்பில்லாமல் உறுப்பினருக்கு விளக்கும் தாள்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1901இல் சார்லஸ் மெக்கார்த்தி சட்டமன்ற உறுப்பினர்களுக்கென்றே ஒரு தகவல் நூலகத்தை நடத்தத் தொடங்கினார். அதன் தாக்கத்தில் 1914இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குள் ஒரு தனிப்பிரிவு உருவானது. 1970இல் அதுவே நாடாளுமன்ற ஆய்வுச் சேவை என்று பெயர் மாற்றம் பெற்றது. பிரிட்டிஷ் மக்களவை நூலகம் 1818இலிருந்து இருக்கிறது. ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகத்தில் 1948 முதல் ஆய்வுப் பிரிவு உண்டு. ஐரோப்பிய நாடாளுமன்றம் தன் ஆய்வுச் சேவையை 2013இல் அமைத்தது. அமைப்பும் அளவும் வேறு வேறு என்றாலும் இவற்றுக்கிடையே பொதுவான விதி ஒன்று உண்டு: ஆளுங்கட்சி உறுப்பினரும் எதிர்க்கட்சி உறுப்பினரும் ஒரே தாளைக் கையில் வைத்துக்கொண்டு எதிரெதிராகப் பேச முடிய வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த விதியிலிருந்து வருவதுதான்.

முதல் படி: கேள்விக்குப் பின்னால் இருக்கும் கேள்வி

"வாடகைக் கட்டுப்பாடு பற்றி ஏதாவது அனுப்புங்கள்" என்று கோரிக்கை வரும். இதை அப்படியே எடுத்துக்கொண்டு வேலையில் இறங்குபவர் நாற்பது பக்கம் எழுதுவார். அதில் முப்பத்தெட்டு வீணாகும். கேட்டவரிடம் திரும்பப் பேசுங்கள். எங்கே பயன்படப்போகிறது? அவையில் மூன்று நிமிடப் பேச்சுக்கா, நிலைக்குழுவில் அதிகாரியைக் கேள்வி கேட்கவா, திருத்தம் கொண்டுவரவா, தொகுதி மக்கள் அனுப்பிய மனுவுக்குப் பதில் எழுதவா? எப்போது வேண்டும்? ஏற்கெனவே எதைப் படித்திருக்கிறார்?

இந்த மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. திருத்தம் கொண்டுவர நினைப்பவருக்குப் பிரிவின் வாசகம்தான் முக்கியம். பொருளாதார வரலாறு தேவையில்லை. அதிகாரியைக் கேள்வி கேட்கப்போகிறவருக்குத் தணிக்கை அறிக்கையின் ஒரு பத்தி போதும், ஆனால் பக்க எண்ணோடு.

பல நேரம் கேள்விக்குள்ளேயே விடை ஒளிந்திருக்கும். "இந்தத் திட்டம் ஏன் தோல்வியடைந்தது?" என்று கேட்பவர் அது தோல்வி என்று முடிவுசெய்துவிட்டார். அவரோடு வாதம் வேண்டாம். "திட்டத்தின் இலக்குகள் என்ன, எந்த அளவுக்கு எட்டப்பட்டன, எட்டப்படாததற்கு என்னென்ன காரணங்கள் சொல்லப்படுகின்றன" என்று கேள்வியை மாற்றி எழுதி அனுப்பி, "இப்படி எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் பதில் வரும். அந்த ஒப்புதலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: அதிகார வரம்பு

பொருளைத் தொடுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது, இந்த அவைக்கு இதில் சட்டம் இயற்றும் அதிகாரம் உண்டா என்பது. அனுபவமுள்ளவர்களும் இதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவது வியப்பாக இருக்கிறது.

பெர்லின் மாநிலம் 2020இல் வாடகைகளுக்கு உச்சவரம்பு விதித்தது. அது நல்லதா கெட்டதா என்று பொருளாதார அறிஞர்கள் மும்முரமாக மோதிக்கொண்டிருந்தபோது, 2021 ஏப்ரலில் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாது என்றது. உச்சவரம்பு தவறு என்பதல்ல காரணம். வாடகைச் சட்டத்தை மத்திய அரசு ஏற்கெனவே முழுமையாக வகுத்துவிட்டது, மாநிலத்துக்கு அதில் இடமில்லை என்பதே தீர்ப்பு. வாடகைக் கொள்கை பற்றி எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் இந்த ஒரு கேள்வியைத் தொடாத குறிப்பு உறுப்பினரைக் கைவிட்டிருக்கும்.

மூன்றாம் படி: ஆதாரங்களை எந்த வரிசையில் தேடுவது

முதலில் சட்டத்தின் இன்றைய வாசகம். இயற்றப்பட்டபோது இருந்த வாசகம் போதாது. இதுவரை வந்த திருத்தங்கள் எல்லாம் சேர்ந்த வடிவம் வேண்டும். அடுத்து அதன் கீழ் வெளியான விதிகளும் அரசாணைகளும், ஏனென்றால் சட்டம் "விதிக்கப்படும் முறையில்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். உண்மையான கட்டுப்பாடு விதியில்தான் இருக்கும். பிறகு அவை விவாதப் பதிவுகள், குழு அறிக்கைகள், தணிக்கை அறிக்கைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், அரசின் புள்ளிவிவரங்கள். இதற்கெல்லாம் பிறகுதான் ஆய்வுக் கட்டுரைகள். செய்தித்தாள் கடைசியில் வரட்டும். செய்தி ஓர் ஆதாரத்தை நோக்கிக் கை காட்டும். அது காட்டும் இடத்துக்குப் போய் மூலத்தைப் பாருங்கள்.

மூலத்தைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2003 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசு ஈராக் பற்றி வெளியிட்ட ஆவணமே சான்று. உளவுத் தகவல் என்ற தோற்றத்துடன் வந்த அதன் பல பக்கங்கள் ஒரு முதுநிலை ஆய்வு மாணவரின் கட்டுரையிலிருந்து, எழுத்துப் பிழைகள் உட்பட, அப்படியே எடுக்கப்பட்டிருந்தன. அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று: மூலத்தில் "எதிர்ப்புக் குழுக்கள்" என்று இருந்தது ஆவணத்தில் "பயங்கரவாத அமைப்புகள்" என்று மாறியிருந்தது. போருக்குச் சில வாரங்கள் முன்பு, அந்த ஒரு சொல் மாற்றத்தின் எடை சிறியதல்ல.

தொண்டு நிறுவனங்கள், தொழில் சங்கங்கள், சிந்தனைக் குழுக்கள் ஆகியவற்றின் அறிக்கைகளைப் பயன்படுத்தலாம். நிதி எங்கிருந்து வருகிறது, எந்த நிலைப்பாட்டுக்காக இயங்குகிறது என்பதை ஒரு சொற்றொடரில் சொல்லிவிட்டு மேற்கோள் காட்டுங்கள். "வீட்டு உரிமையாளர் சங்கத்துக்காகத் தயாரித்த ஓர் ஆய்வின்படி" என்று எழுதினால் போதும். மீதியை வாசிப்பவர் புரிந்துகொள்வார்.

நான்காம் படி: உள்நாட்டுக் கொள்கையை அலசுதல்

இப்போது சட்டம் என்ன சொல்கிறது, மசோதா எதை மாற்றுகிறது, யார் நடைமுறைப்படுத்துவார்கள், எவ்வளவு செலவாகும், மீறினால் என்ன தண்டனை, எப்போது அமலுக்கு வரும், யாருக்கு விலக்கு என்ற வரிசையில் போங்கள். மசோதாவின் தலைப்பையும் நோக்கவுரையையும் நம்பி எழுதாதீர்கள். அவற்றை எழுதியது மசோதாவைக் கொண்டுவந்த தரப்பு. "தேவையெனக் கருதினால் அரசு விலக்கு அளிக்கலாம்" என்ற ஒற்றை வரி கடைசிப் பிரிவுகளில் உட்கார்ந்திருக்கும். முழுச் சட்டத்தின் பல்லும் அந்த வரியில் பிடுங்கப்பட்டிருக்கலாம்.

எண்களில்தான் அதிகம் வழுக்கும். வேலையின்மை 4 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் கூடினால் அது ஒரு சதவீதப் புள்ளி உயர்வு. இருந்ததைவிட 25 சதவீதம் உயர்வு என்று சொல்வதும் சரியே. அரசுத் தரப்பு முதலாவதையும் எதிர்த்தரப்பு இரண்டாவதையும் சொல்லும். குறிப்பில் இரண்டு அளவுகளையும், அதாவது 4 என்பதையும் 5 என்பதையும், எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. ஒதுக்கீடு 8 சதவீதம் உயர்ந்தது என்பார்கள். அதே காலத்தில் விலைவாசி 6 சதவீதம் கூடியிருந்தால் உண்மையான உயர்வு 2 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பட்ஜெட்டில் ஒரே திட்டத்துக்கு மூன்று தொகைகள் இருக்கும்: மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மையில் செலவானது. ஓர் ஆண்டின் மதிப்பீட்டை இன்னோர் ஆண்டின் செலவோடு ஒப்பிட்டால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். வேலையின்மை என்ற அளவே ஒரு வரையறையைப் பொறுத்தது: பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்கில், வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, வேலை தேடிக்கொண்டும் கிடைத்தால் சேரத் தயாராகவும் இருக்க வேண்டும். தேடிச் சலித்து நிறுத்திவிட்டவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

ஆய்வு முடிவுகளைச் சொல்லும்போது இரு முனைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோ நகரம் 1994இல் வாடகைக் கட்டுப்பாட்டை 1980க்கு முன் கட்டிய சிறிய அடுக்ககங்களுக்கும் நீட்டித்தது. அதன் விளைவுகளை ஆராய்ந்து ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர்கள் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கட்டுப்பாட்டின் பலன் பெற்ற குடியிருப்பாளர்கள் தங்கள் முகவரியிலேயே தொடர்ந்து வாழும் வாய்ப்பு கூடியது. அதே நேரத்தில் பாதிக்கப்பட்ட உரிமையாளர்கள் வாடகைக்கு விடும் வீடுகளை 15 சதவீதம் குறைத்துக்கொண்டார்கள். முதல் பாதியை மட்டும் எடுத்தால் ஒரு கட்சிக்கு மேடைப் பேச்சு. இரண்டாம் பாதியை மட்டும் எடுத்தால் மறு கட்சிக்கு. இரண்டையும் எழுதி, இது ஒரு நகரத்தின் குறிப்பிட்ட வகைக் கட்டடங்களைப் பற்றிய முடிவு என்றும் சேர்ப்பதுதான் நம் வேலை.

ஐந்தாம் படி: வெளிவிவகாரத்துக்கு வேறு கண்ணாடி

உள்நாட்டு விஷயத்தில் சட்டப் புத்தகம் கையில் இருக்கிறது. வெளிவிவகாரத்தில் பெரும்பாலான தகவல் அரசிடம் மட்டுமே இருக்கும். அல்லது பிற அரசுகளின் அறிக்கைகளாக வரும். அதனால் இங்கே முதல் கேள்வி: இந்த விஷயத்தில் நம் அவை உண்மையில் என்ன செய்ய முடியும்? நாட்டுக்கு நாடு இது தலைகீழாக மாறும். அமெரிக்காவில் ஓர் உடன்படிக்கைக்கு, வந்திருக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் இசைவு வேண்டும். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏற்புறுதிக்கு (அதாவது, உடன்படிக்கைக்குக் கட்டுப்படுவதாக நாடு முறைப்படி உறுதிசெய்வதற்கு) முன்பு உடன்படிக்கையை 21 அமர்வு நாள்களுக்கு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். இந்தியாவில் உடன்படிக்கையில் சேர்வது ஆட்சித்துறையின் கையில். அதை நிறைவேற்ற உள்நாட்டுச் சட்டம் தேவைப்பட்டால் அரசியலமைப்பின் 253ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு வருகிறது. கேள்வி கேட்பதும், நிதியைத் தடுப்பதும், தீர்மானம் கொண்டுவருவதும் வெவ்வேறு கருவிகள். உறுப்பினரின் கையில் எது இருக்கிறது என்பதைச் சொல்லாத குறிப்பைச் செய்தித் தொகுப்பு என்றுதான் அழைக்க வேண்டும்.

அடுத்து, ஓர் ஒப்பந்தம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது. கையொப்பம், ஏற்புறுதி, நடைமுறைக்கு வருதல் ஆகிய மூன்றும் தனித்தனி. அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தம் 1996இல் கையொப்பத்துக்குத் திறக்கப்பட்டது. அமெரிக்கா அந்த ஆண்டே கையொப்பமிட்டது. 1999இல் செனட் அதை நிராகரித்தது. ரஷ்யா 2000இல் ஏற்புறுதி செய்து 2023இல் அதைத் திரும்பப் பெற்றது. இந்தியா கையொப்பமே இடவில்லை. ஒப்பந்தம் நடைமுறைக்கு வர, அதில் பட்டியலிடப்பட்ட 44 நாடுகளும் ஏற்புறுதி செய்ய வேண்டும். அவற்றில் சில செய்யாததால் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இந்த மூன்று நாடுகளின் நிலைமைகளையும் "ஒப்பந்தத்தை ஏற்காத நாடுகள்" என்ற ஒரே பெட்டிக்குள் போட்டால் சட்ட வேறுபாடு முழுவதும் காணாமல் போகும். கையொப்பம் வெறும் சடங்கும் அல்ல. ஒப்பந்தங்களுக்கான பொது விதிகளை வகுக்கும் 1969ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 18ஆவது பிரிவு, கையொப்பமிட்ட நாடு ஒப்பந்தத்தின் நோக்கத்தைக் குலைக்கும் செயல்களைச் செய்யக் கூடாது என்கிறது. ஏற்புறுதியின்போது "இந்தப் பிரிவு எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று நாடுகள் நிபந்தனை போடுவதும் உண்டு. அதையும் தேடிப் பாருங்கள்.

ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறியது என்ற செய்தியைக் கண்டால், எந்த அவையில் என்று பாருங்கள். பாதுகாப்பு அவையின் முடிவுகள் சாசனத்தின் 25ஆவது பிரிவின்படி உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும். பொதுச் சபைத் தீர்மானங்கள் பொதுவாகப் பரிந்துரைகளே. வாக்களிக்காமல் விலகி நின்ற நாட்டையும், அவைக்கே வராத நாட்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம். வாக்கெடுப்புக்குப் பின் நாடுகள் தரும் விளக்கவுரையில் ஆதரவு வாக்கின் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்வது வழக்கம். அதைப் படித்தபிறகே நிலைப்பாட்டை எழுதுங்கள்.

வணிகக் கணக்கில் ஒரு பழைய பொறி இருக்கிறது. முதல் நாடு இரண்டாம் நாட்டுக்கு ஏற்றுமதி செய்ததாகச் சொல்லும் தொகையும், இரண்டாம் நாடு இறக்குமதி செய்ததாகச் சொல்லும் தொகையும் பொருந்தாது. ஏற்றுமதி பொதுவாகக் கப்பலேறும் இடத்து மதிப்பில் பதிவாகும். இறக்குமதியில் சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேரும். இடையில் மூன்றாம் துறைமுகம் வழியாகப் போனால் இன்னும் சிக்கல். யாரும் பொய் சொல்லாமலே வணிகப் பற்றாக்குறை இரண்டு விதமாக வரும். எந்த நாட்டின் கணக்கு என்பதை எண்ணுக்கு அருகிலேயே எழுதுங்கள். இராணுவச் செலவுக்கும் அப்படித்தான்: நாணய மாற்று விகிதத்தில் ஒப்பிட்டதா, வாங்கும் திறனில் (அந்தப் பணத்துக்கு உள்நாட்டில் எவ்வளவு வாங்கலாம் என்பதில்) ஒப்பிட்டதா என்று சொல்லாத அட்டவணையை எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஆறாம் படி: நடுநிலை

நடுநிலை என்றால் இரு பக்கத்துக்கும் சம எண்ணிக்கையில் பத்திகள் ஒதுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சான்று ஒரு பக்கம் கனமாக இருந்தால் அதைச் சொல்ல வேண்டும்; எவ்வளவு கனம், எந்தச் சூழலில் என்பதையும் சொல்ல வேண்டும். மதிப்பீடு சார்ந்த முடிவை மட்டும் உறுப்பினரிடம் விட்டுவிட வேண்டும். குடியிருப்பவரின் நிலைத்தன்மை பெரிதா, புதிதாக வீடு தேடுபவரின் வாய்ப்பு பெரிதா என்பதைத் தீர்மானிக்கத்தான் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நம்மை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

சொல் தேர்வில் சறுக்கினால் உள்ளடக்கம் சரியாக இருந்தும் பயனில்லை. அமெரிக்க நாடாளுமன்ற ஆய்வுச் சேவை 2012இல் உச்ச வரி விகிதமும் பொருளாதார வளர்ச்சியும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஆட்சேபித்ததும் அது திரும்பப் பெறப்பட்டு, சில மாதங்கள் கழித்துத் திருத்தப்பட்ட வடிவில் வந்தது. ஆட்சேபங்களில் ஆய்வுமுறை பற்றிய வாதங்களோடு, "பணக்காரர்களுக்கான வரிக் குறைப்பு" போன்ற சொற்கள் பற்றிய புகாரும் இருந்தது. திரும்பப் பெற்றது சரியா என்பது வேறு விவாதம். அத்தகைய சொற்கள் இல்லாமல் இருந்திருந்தால், எதிர்த்தவர்கள் ஆய்வுமுறையோடு மட்டுமே மோத வேண்டியிருந்திருக்கும்.

வினைச்சொற்களைக் கவனியுங்கள். அமைச்சர் "ஒப்புக்கொண்டார்" என்றால் குற்றவாளி. "கூறினார்" என்றால் அமைச்சர். "வெறும்", "கூட", "மட்டுமே" போன்ற சின்னச் சொற்களைத் தேடி எடுத்துவிடுங்கள்.

ஏழாம் படி: முதல் பக்கம்

வாசிப்பவர் படிக்கட்டில் ஏறிக்கொண்டே படிப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். இப்படித் தொடங்கும் குறிப்புகளை எங்கும் பார்க்கலாம்: "வாடகைப் பிரச்சினை நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டுவரும் சிக்கலான ஒன்று. பல்வேறு தரப்பினர் பல்வேறு கருத்துகளைக் கொண்டுள்ளனர்." இரண்டு வரிகள் போய்விட்டன, உறுப்பினருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

கற்பனையான ஒரு மசோதாவை வைத்து மாற்றி எழுதினால்: "வாடகையை ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதை இந்த மசோதா தடை செய்கிறது. இது தற்போது குடியிருப்போருக்குப் பொருந்தும். புதிய ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது. எந்தப் பகுதிக்கும் விலக்கு அளிக்கப் பிரிவு 7 அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. அதற்கு அவையின் ஒப்புதல் தேவையில்லை. ஆதரவாளர்கள் குடும்பங்களின் இடப்பெயர்வு குறையும் என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் வாடகை வீடுகளின் எண்ணிக்கை குறையும் என்கிறார்கள். பிற நகரங்களின் ஆய்வுகளில் இரண்டுக்குமே சான்று உள்ளது (பக்கம் 3)." இதோடு நிறுத்தினாலும் மூன்று நிமிடம் பேச முடியும். பிரிவு 7 பற்றிய வரியில் ஒரு திருத்தமே மறைந்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, கூர்மையான உறுப்பினர் பிடித்துக்கொள்வார்.

நீளம் பற்றி அதிகம் கவலை வேண்டாம். அவசரக் கேள்விக்கு ஒரு பக்கம், விவாதத்துக்கு நான்கு, முழு மசோதாவுக்கு இருபது என்று போகலாம். நீளமாகும்போது ஒவ்வொரு பகுதியும் தனியாகப் படித்தாலும் புரிய வேண்டும்.

எட்டாம் படி: சரிபார்ப்பும் அதன்பிறகும்

எழுதாத ஒருவர் ஒவ்வொரு எண்ணையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். இன்னொருவர், விஷயம் தெரியாதவராக இருந்தால் நல்லது, கட்சி நிலைப்பாடு தெரிகிறதா என்று மட்டும் படிக்கட்டும். நேரமே இல்லையென்றால் முதல் பக்கத்தையாவது அப்படிச் செய்யுங்கள்.

தேதி இல்லாத குறிப்பை அனுப்பக் கூடாது. பாரிஸ் பருவநிலை உடன்பாட்டில் அமெரிக்கா 2016இல் சேர்ந்தது, 2020 நவம்பரில் வெளியேறியது, 2021 பிப்ரவரியில் திரும்பி வந்தது, மீண்டும் வெளியேறும் ஆணை 2025 ஜனவரியில் பிறந்தது. "அமெரிக்கா உறுப்பு நாடு" என்ற வாக்கியம் எழுதப்பட்ட நாளைப் பொறுத்து உண்மையாகவோ பொய்யாகவோ இருந்திருக்கும். "இந்த நாள் வரையிலான நிலவரம்" என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள். நிலவரம் மாறினால் பழையதை அழிக்காமல் புதிய தேதியுடன் மாற்று வடிவம் அனுப்பி, எந்தப் பத்தி மாறியது என்று சொல்லுங்கள். பழைய தாளை வைத்துக்கொண்டு அவையில் எழுந்து நிற்பவருக்கு அது போய்ச் சேர வேண்டும்.

மூல ஆவணங்களின் பிரதிகளைக் கோப்பில் வையுங்கள், இணைய முகவரி மட்டும் போதாது. அரசுத் தளங்களில் ஆட்சி மாறும்போது பக்கங்களும் மறையும். அதே கேள்வி அடுத்த மாதம் எதிர் வரிசையிலிருந்து வரும்போது அந்தக் கோப்பு அப்படியே கைகொடுக்கும். முதலில் கேட்டவர் யார் என்பதை மட்டும் அதில் எழுதி வைக்காதீர்கள்.